அகத்திய மீன் எழும் திசை

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வழியாகச் செல்வோர் களியக்காவிளையை நெருங்கியதும் கடைப்பலகைகள் தமிழுக்கு மாறுவதைக் காண்பர். 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. எல்லைக்குச் சற்று மேற்கே என் தமக்கையார் வீடு. விடுமுறையில் சென்றிருந்த நான் மாசி அமாவாசையன்று அங்குத் தங்கினேன்.

பொழுது சாய்ந்ததும் தமக்கை மகன் முற்றத்தில் தொலைநோக்கியை நிறுத்தினான். நிலவில்லாத இரவில் என்ன காட்டப்போகிறான் என்று எண்ணினேன். அவன் நாடியவை ஒண்முகில்கள். விண்மீன்களுக்கிடையே பரந்து கிடக்கும் வாயுவும் தூசும். அவற்றுட் பலவற்றைக் கண்ணாற் காணவியலாது. ஓரியன் கூட்டத்துக் குதிரைத்தலை முகில், ஹார்வர்டு வானாய்வகத்தார் 1888இல் எடுத்த ஒளிப்படத் தகட்டில்தான் முதலில் தென்பட்டது. கண்டறிந்தவர் வில்லியமினா ஃபிளெமிங் என்னும் அம்மையார். இலண்டனில் சரிந்தே தோன்றும் அம்முகில் இங்கே ஏறத்தாழ உச்சிக்கு வந்துவிடுகிறது.

மங்கிய ஒளியைச் சேர்க்க நிமிடக்கணக்கிற் காத்திருக்க வேண்டும். பூமியோ மணிக்கு 15 பாகை சுழல்கிறது. அதற்கு ஈடாகத் தொலைநோக்கியைத் திருப்பும் பொறியின் அச்சு, வான துருவத்தை நோக்கியிருத்தல் வேண்டும்.

“துருவ மீன் எங்கே?” என்றேன்.

“தென்னைக்குப் பின்னால் கிடக்கிறது, மாமா.”

இவ்வூரின் அட்சம் 8 பாகை. துருவ மீனும் அடிவானிலிருந்து அவ்வளவே உயரம். ஆகவே உச்சிக்கோட்டில் ஒரு மீனையும் கிழக்கில் ஒரு மீனையும் நோக்கி, அவை வடக்கிலோ தெற்கிலோ விலகுகின்றனவா என்று பார்த்துப் பார்த்து அச்சைத் திருத்தினான். அதற்கே ஒரு மணி நேரம். எனக்குப் பொறுமை போயிற்று, அவனுக்குப் போகவில்லை.

பின்னர் நான்கு நிமிடத்துக்கு ஒரு படமாக எடுக்கலானான். தனிப்படம் மணல் தூவியதுபோல் இருக்கும். நான்கைக் கணிப்பொறியில் அடுக்கினால் அம்மாசு பாதியாகும். பதினாறை அடுக்கினால் காற்பங்காகும்.

நள்ளிரவு கடந்ததும் தொலைநோக்கி தெற்கே திரும்பியது. அகத்தியர் மலையில் பிறக்கும் நெய்யாற்றின் கரையிலே அகத்திய மீனைப் பார்ப்பது எனக்குத் தனி மகிழ்ச்சி. அம்மீன் சேர்ந்த கரைனாக் கூட்டத்தில், சுமார் 7,500 ஒளியாண்டுத் தொலைவில், மாபெரும் ஒண்முகில் ஒன்றுண்டு. வட அட்சம் 30 பாகைக்கு அப்பால் அது எழுவதேயில்லை. இலண்டனிலும் டொராண்டோவிலும் வளரும் நம் பிள்ளைகள் அகத்திய மீனையும் தம் வீட்டு முற்றத்திலிருந்து கண்டிரார். இங்கே முகில் 22 பாகை உயரம் ஏறுகிறது. தெற்கே சில கல் தொலைவில் கடல். அதற்கப்பால் அண்டார்க்டிகா வரை பெருநிலம் இல்லை. அத்திசையில் ஊர்விளக்கு ஏது?

ஆனால் அண்டை வீட்டுத் திண்ணையில் புதிய வெள்ளை விளக்கொன்று எரிந்தது. நெய்யாற்றின்கரையில் மார்த்தாண்ட வர்மர் பலாமரப் பொந்தில் ஒளிந்திருந்தார் என்பர். அன்று இருளுக்குப் பஞ்சமில்லை போலும்! தமக்கையார் வேலியருகே சென்று கேட்டார். அவ்வீட்டு அம்மச்சி விளக்கை அணைத்துவிட்டுக் கட்டன் சாயாவுடன் தாமே வந்துவிட்டார். திரையில் செந்நிற மடிப்புகள் தோன்றின. நெடுநேரம் பார்த்தார்.

“இது நம்முடைய வானத்திலா?” என்றார்.

“ஆமாம் அம்மச்சி, உங்கள் கூரைக்கு மேலேதான்.”

விடியுமுன் பனியிறங்கிக் கண்ணாடி மங்கிற்று. முப்பது படங்களில் இருபத்திரண்டு தேறின.