சாயம் போகாத குருவிகள்

ஷியாம்பஜார் ஐந்துமுனைச் சந்திப்பில் குதிரை மீதிருக்கும் நேதாஜியைத் தாண்டி பாக்பஜார் பக்கம் நடந்தால் கால்வாய் ஓரமாக வருகிறது கலிஃப் தெரு. வார நாட்களில் நினைவில் நிற்க எதுவும் இல்லாத தெரு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வடக்குக் கொல்கத்தாவே இங்கே கூடிவிடுகிறது. ரோஜாப் பதியன், தங்கமீன், புறா, நாய்க்குட்டி எல்லாவற்றையும் தாண்டிப் போனால் கூண்டுகள். பொம்மை ஹாரனை அமுக்கியது போல ஒரு கீச்சொலி. ஜீப்ரா ஃபிஞ்ச்.

சிட்டுக்குருவியைவிடச் சிறியது. ஆஸ்திரேலியக் காடுகளில் இதற்குச் சாம்பல் முதுகுதான். ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு, நெஞ்சில் வரிக்கோடு. கலிஃப் தெருவிலோ வெள்ளை, மான்நிறம், வெள்ளையும் சாம்பலும் கலந்தது, தலையில் கொண்டை வைத்தது என்று வகைவகையாக இருக்கிறது. "எது அழகோ அதை எடுங்கள் தாதா" என்கிறார் வியாபாரி. (வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன். நமக்குத்தான் பயமாக இருக்கிறது.)

நிறம் பார்த்து வாங்குவதில் எனக்கு ஒரு பழைய அனுபவம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் வடநாட்டு ரயில் நிலையம் ஒன்றின் வாசலில், கிளிப்பச்சை நிறத்தில் ஒரு ஜோடியை 'வெளிநாட்டு ஃபிஞ்ச்' என்று ஒருவர் விற்றார். வீட்டில் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தோம். குருவிகள் குளித்தன. தண்ணீர் பச்சையானது, குருவிகள் பழுப்பாயின. நம் வயல்வெளிச் சில்லைகள்தான் அவை, சாயம் பூசியவை. ஒரு வாரத்தில் ஒன்று செத்தது. மற்றதைத் திறந்துவிட்டோம், அது எவ்வளவு தூரம் பறந்திருக்கும் என்று யோசிக்காமல் இருப்பதே நல்லது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. 1990-91 முதல் இந்தியக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். சில்லைக்குச் சாயம் பூசுவது அழகுக்காக மட்டுமல்ல, அடையாளத்தை மறைக்கவும்தான்.

சாயம் இல்லாமல் நிறம் எப்படி வருகிறது என்பதைக் காட்டியவர், பாக்பஜார் மாடி ஒன்றில் முப்பது கூண்டுகள் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். தெருவில் எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர் மோஷாய்'. கூண்டுகளுக்கு முன் அவர் காட்டியது ஒரு நோட்டுப் புத்தகத்தை. அப்பா எண், அம்மா எண், முட்டையிட்ட தேதி, குஞ்சின் நிறம் என்று கட்டம் போட்ட பக்கங்கள்.

ஒரு கூண்டில் அப்பாவும் அம்மாவும் சாம்பல். நான்கு குஞ்சுகளில் ஒன்று மான்நிறம். அலகு இன்னும் கறுப்பாகவே இருந்தது. அது ஆரஞ்சாக மாறிக் கன்னத் திட்டு தெரியும் வரை, ஏறக்குறைய இரண்டு மாதம், ஆணா பெண்ணா என்று சொல்வது கடினம். மாஸ்டர் மோஷாய் யோசிக்கவே இல்லை. "பெண். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்."

காரணம் சுவாரஸ்யமானது. மனிதரில் குழந்தையின் பாலை நிர்ணயிப்பது தகப்பன், பறவைகளில் தாய். ஆண் பறவைக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள், பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. மான்நிறத்துக்கான மரபணு இருப்பது இசட்டில். மகனுக்கு இரு பக்கமிருந்தும் இசட் வருவதால், சாம்பல் தாயின் பங்கு மான்நிறத்தை மூடிவிடும். மகளுக்கு இருக்கும் ஒரே இசட் தகப்பனுடையது. அவன் ஒளித்து வைத்திருப்பது அவளிடம் வெளியே வந்துவிடும். சாம்பல் தகப்பன் இப்படி மறைத்து வைத்திருப்பதை வளர்ப்பவர்கள் 'ஸ்பிளிட்' என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் தாய்க்குருவியின் ஒழுக்கத்தைப் பற்றிக் கேலி பேசினார்களாம். "பாவம், அதன் பங்கு இதில் ஒன்றுமே இல்லை" என்று சிரித்தார்.

வெள்ளை வேறு கணக்கு. அப்பா, அம்மா இருவரிடமும் மறைந்திருந்தால்தான் வரும். சராசரியாக நான்கில் ஒன்று. சராசரி என்பதை அழுத்திச் சொன்னார். நான்கு குஞ்சில் நான்கும் சாம்பலாக இருந்த கூடுகளும் நோட்டில் உண்டு. சந்தையில் மலிவாகப் போவது சாம்பல் குருவிதான். எத்தனையோ நிறங்களை வயிற்றில் வைத்துக்கொண்டிருக்கும் குருவி அதுவாக இருக்கலாம். வாங்குபவருக்கு அது தெரியாது.

நோட்டில் ஒரு பக்கத்தை அவர் வேகமாகப் புரட்டினார். நான் நிறுத்தினேன். வெள்ளையை நிலைநிறுத்த அண்ணனையும் தங்கையையும் ஜோடி சேர்த்த வருடம் அது. மூன்று ஈடு முட்டைகள். பாதி பொரிக்கவில்லை, பொரித்தவை இறகு முளைக்கும் முன்பே போய்விட்டன. நிறத்துக்கான கட்டம் காலியாக இருந்தது. "சாயம் பூசுகிறவனைத் திட்டுகிறோம். நான் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான்" என்றார். அதன் பிறகு வெளியிலிருந்து சாம்பல் குருவி வாங்கித்தான் சேர்க்கிறார். ஆஸ்திரேலியா 1960இலேயே தன் பறவைகளின் வணிக ஏற்றுமதியைத் தடுத்துவிட்டதால், புது ரத்தம் என்பதும் யாரோ ஒருவர் வீட்டுக் கூண்டிலிருந்து வருவதுதான்.

மூலைக் கூண்டில் காப்பி கொட்டினாற்போலத் திட்டுத் திட்டாகச் சில குருவிகள். ஒன்றின் திட்டு இன்னொன்றுக்கு இல்லை. பெயர் பெங்காலீஸ் ஃபிஞ்ச். மொழிபெயர்ப்பவனுக்குக் கண்ணி வைக்கும் பெயர். வங்காளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 18ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போன வெண்முதுகுச் சில்லையை அங்கே தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் வளர்த்து உண்டாக்கியது. அதே வெண்முதுகுச் சில்லை நம் நாட்டுக் காடுகளிலும் இருக்கிறது. அதைக் கூண்டில் வைத்தால் வழக்கு. அதன் ஜப்பானிய வாரிசை வைத்தால் பொழுதுபோக்கு. அயல்நாட்டு இனங்கள் சிலவற்றுக்கு 2022 திருத்தத்துக்குப் பின் பதிவு கட்டாயம்.

இந்த ஊரில் பறவைப் பைத்தியம் புதிதல்ல. ஆசியாட்டிக் சொசைட்டி அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த எட்வர்ட் பிளித், 19ஆம் நூற்றாண்டிலேயே இங்கிருந்து டார்வினுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். 1923இல் சத்ய சரண் லா வங்காளத்தின் வளர்ப்புப் பறவைகளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். மாஸ்டர் மோஷாயின் நோட்டு அச்சேறாது. அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை.

கிளம்பும்போது அதே சாம்பல் ஜோடி அடுத்த ஈட்டை அடைகாத்துக்கொண்டிருந்தது. மூன்று முட்டைகள், பத்தாவது நாள். "இருந்து பார்த்துவிட்டுப் போங்கள்" என்றார். எனக்கு மறுநாள் ரயில்.

மூன்று வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். இறகு முளைத்துவிட்டதாம். இரண்டு சாம்பல், ஒன்று மான்நிறம்.

"பெண்ணா?" என்றேன்.

"இதைக் கேட்கவா இவ்வளவு நேரம் சொல்லிக்கொடுத்தேன்?" என்றார்.