முதலில் திருகாணியைத் திருப்பு

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கிய கையோடு பிக்கப்பை மாற்றவேண்டும் என்று வந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். “சத்தம் சரியில்லை, தாத்தா” என்பார்கள். என்ன சரியில்லை என்று கேட்டால் பதில் வராது. அந்தப் பதிலைத் தேட வைப்பதுதான் என்னால் ஆன உதவி.

பிக்கப்புக்குள் இருப்பது காந்தமும், அதைச் சுற்றித் தலைமுடி பருமனில் ஆயிரக்கணக்கான சுற்றுச் செம்புக் கம்பியும்தான். மேலே தந்தி அதிர்ந்தால் அந்தச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. காந்தம் தந்திக்கு மிக அருகில் இருந்தாலோ, தந்தியையே இழுத்துப் பிடிக்கும். நாதம் நீளாது, சுருதி அலையும். இரண்டு பக்கமும் உள்ள திருகாணியைத் திருப்பி ஒரு மில்லிமீட்டர் இறக்கிப் பார், தம்பி. காசு செலவில்லை. மந்தமாக ஒலிக்கிறதா? வால்யூம் கட்டுப்பாட்டையும் பார்க்கவேண்டும். 500 கிலோ ஓம் இருக்கவேண்டிய இடத்தில் 250 இருந்தால் உச்ச ஒலிகள் மங்கும். குற்றம் ஓரிடம், தண்டனை வேறிடம் என்று ஆகிவிடக் கூடாது.

இதையெல்லாம் பார்த்த பிறகும் குறை தீராவிட்டால் தாராளமாக மாற்றலாம். உள்ளதே போதும் என்று முடங்கச் சொல்பவன் அல்ல நான். ஒற்றைச் சுருள் பிக்கப் மின்சார இரைச்சலையும் சேர்த்தே வாங்கும். எந்தத் திருகாணியும் அதைப் போக்காது. கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் இருந்த சேத் லவர் அந்த ஒரு குறையைத்தான் குறிவைத்தார். இரண்டு சுருள்களை அருகருகே வைத்து இணைத்தார். இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக வந்து அழிந்துபோகும். தந்தியின் ஒலி மட்டும் ஒன்றுகூடும். 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஹம்பக்கர் பிறந்த கதை இதுதான். எனக்கு இன்றும் வியப்புத்தான்.

கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலனுக்கும் தன் தேவை தெரிந்திருந்தது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் உடலும், சுருதியை அசைக்கும் ட்ரெமலோவும் வேண்டும். கிப்சனின் கனத்த குரலும் வேண்டும். கிப்சன் கிட்டாரிலிருந்து எடுத்த ஹம்பக்கரை ஸ்ட்ராட் வடிவ உடலில் பொருத்தினார். கம்பிச் சுருள் அதிர்ந்து கீச்சிடாமலிருக்க உருக்கிய பாரஃபின் மெழுகில் பிக்கப்பை முக்கியெடுத்தார். 1978இல் வந்த அவரது இசைக்குழுவின் முதல் ஆல்பத்தில் உலகம் அந்தக் கிட்டாரைக் கேட்டது. அதில் வேலை செய்தது ஒரே பிக்கப், ஒரே வால்யூம் குமிழ். தனக்குத் தேவைப்படாத எதற்கும் அவர் கம்பி இழுக்கவில்லை.