ஆதாரை மறக்காமல் எடுத்துவா

ஒக்கலிபுரம்,
பெங்களூரு.

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? வாங்கிக் கொடுத்த தைலத்தைத் தேய்த்துக்கொள்கிறாயா, இல்லை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாயா? போனில் கேட்டால் "பரவாயில்லடி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சின்னவளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. "பெரிய பாட்டி எப்போ வருவாங்க, பன்னேர்கட்டா போகணும்" என்று என்னைப் போட்டு நச்சரிக்கிறாள். பன்னேர்கட்டா உயிரியல் பூங்கா என்றாலே எனக்குப் போன தடவை நடந்ததுதான் ஞாபகம் வருகிறது. மூத்த குடிமக்களுக்குத் தனிக் கட்டணம் என்று கவுன்ட்டரில் எழுதியே வைத்திருக்கிறார்கள். நான் உன் ஆதாரைக் கேட்டேன். நீ பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "முழு டிக்கெட்டே குடும்மா" என்று உள்ளே இருந்த பெண்ணிடம் பணத்தை நீட்டிவிட்டாய். குழந்தை முன்னால் எதற்கு என்று அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்.

அதில் என்ன அக்கா கூச்சம்? யாரோ தர்மம் போடுகிறார்கள் என்றா நினைக்கிறாய்? மாமா சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறியே ஆயுசைக் கழித்தார். 2001-ல் மைன்ஸை மூடின பிறகு, தையல் மெஷினை மிதித்தே மூன்று பிள்ளைகளைக் கரையேற்றினாய் நீ. இந்த முழங்கால் வேறு எதனால் போனது? உழைத்து ஓய்ந்தவர்கள் கொஞ்சம் வெளியே வந்து மரம் மட்டையைப் பார்க்கட்டும் என்றுதான் அந்தச் சலுகை. அது உனக்குச் சேரவேண்டியது.

எதிர்வீட்டு டீச்சரம்மா அமெரிக்காவில் மகனிடம் இருந்துவிட்டு வந்திருக்கிறார். கிரீன் கார்டு வாங்கிவிட்டார். அங்கே 62 வயதானால் தேசியப் பூங்காக்களுக்கு ஆயுள் பாஸ் தருகிறார்கள். ஒரே ஒரு தடவை 80 டாலர் கட்டினால் போதும். 2017 வரைக்கும் 10 டாலர்தானாம். காருக்கு இவ்வளவு என்று வாங்குகிற பூங்காவில் அந்தப் பாஸைக் காட்டினால், கூட உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் அதுவே போதும். சுற்றுலா விசாவில் போகிறவர்களுக்குக் கிடையாது. பர்சில் மகாலட்சுமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்த அந்த அட்டையை எவ்வளவு பெருமையாக எடுத்துக் காட்டினார் தெரியுமா! உன் நினைவுதான் வந்தது எனக்கு.

நமக்கு இருந்ததும் போய்விட்டதே என்பதுதான் என் ஆற்றாமை. ரயிலில் 58 வயதான பெண்களுக்குப் பாதிக் கட்டணம், 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதம் தள்ளுபடி இருந்தது. நீயும் மாமாவும் அதில்தானே வேளாங்கண்ணிக்குப் போய்வந்தீர்கள்? 2020 மார்ச்சில் கொரோனாவைச் சொல்லி நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது, சலுகை வரவில்லை. வாசல் டிக்கெட்டில் குறைத்துவிட்டு, அந்த வாசலுக்கு வந்து சேருகிற செலவை வயதானவர்கள் தலையில் கட்டினால் எப்படி? இருப்பதையும் நாமே வேண்டாமென்று தள்ளினால், யாரும் கேட்பதில்லை என்று சொல்லி அதையும் எடுத்துவிடுவார்கள். உன் ஒருத்தி கௌரவத்தோடு போகிற விஷயமில்லை இது.

உனக்கு பஸ் செலவும் இல்லை. சக்தி திட்டம் 2023 ஜூனில் வந்ததிலிருந்து, கர்நாடகப் பெண்களுக்கு கே.எஸ்.ஆர்.டி.சி. சாதாரண பஸ்ஸில் ஜீரோ டிக்கெட்தானே? ஏசி பஸ் பக்கம் போகாதே, அதற்குக் காசு. பெரியவனின் மாமனாரும் வருவதாக இருந்தால், 60 தாண்டிய ஆண்களுக்குக் கால்வாசி தள்ளுபடி உண்டு என்று அவரிடம் சொல். அவரும் உன்னை மாதிரியே வாய் திறந்து கேட்கமாட்டார்.

வந்த மறுநாள் லால்பாக் போவோம். ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் லால்பாக்கிலேயே இறங்கலாம். காலையில் ஒன்பது மணிக்குள் நடக்க வருகிறவர்களுக்கு டிக்கெட்டே கிடையாது, வெயிலும் இருக்காது. அங்கே இருக்கிற பாறைமேல் ஏறுகிறேன் என்று மட்டும் கிளம்பிவிடாதே. 300 கோடி வருஷமாக அங்கேதான் கிடக்கிறது, கீழே நின்று பார்த்தால் போதும். ஏரிப் பக்கம் இருக்கிற அந்தப் பெரிய இலவ மரத்தைக் காட்டுகிறேன். வேரெல்லாம் தரைக்கு மேலே சுவர் எழுப்பினதுபோல நிற்கிறது. அங்கே உட்கார்ந்து உன் மருமகள் கதையெல்லாம் சொல், சாவகாசமாகக் கேட்கிறேன்.

பன்னேர்கட்டாவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அதனால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு, புதன்கிழமை போவோம். ஆதாரை மறக்காமல் எடுத்துவா. ஜெராக்ஸ் வேண்டாம், அசலே கொண்டுவா. கவுன்ட்டரில் அதை நீதான் நீட்டவேண்டும், நான் பக்கத்தில் நிற்பேன்.

உன் தங்கை