படுக்கையோரம் ஒரு பம்ப் செட்!

எங்கள் ஊர் குமராட்சி. சிதம்பரத்தில் காட்டுமன்னார்கோயில் பஸ்ஸைப் பிடித்தால், ஜன்னலோர சீட்டில் நீங்கள் கண்ணயர்வதற்குள் வந்துவிடும். நெல் விளைகிற பூமி. அதனால் 'பம்ப்' என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான். கொல்லையில் தண்ணீர் இறைப்பது!

அப்பாவுக்கு அதன் பாஷை அத்துப்படி. நடுராத்திரி மோட்டார் சத்தம் லேசாக மாறினாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். "காத்து வாங்குதுடா, ஓடிப் போய் நிறுத்து!" பி.காம். படித்த எனக்கோ எல்லாமே ஒரே 'டுர்ர்ர்'தான்.

போன ஐப்பசியில் அப்பாவின் காலில் மண்வெட்டி பட்டுவிட்டது. "இதுக்குப் போய் ஆஸ்பத்திரியா?" என்று மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டார். நாலாம் நாள் ரத்தத்தில் கிருமி பரவி, பிரஷர் அதலபாதாளத்துக்கு இறங்கி, தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார்.

உள்ளே போனால், கட்டிலுக்குக் கட்டில் பம்ப் செட்! கம்பத்தில் ஒன்றன்மேல் ஒன்றாய் மெஷின்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய சிரிஞ்ச். கொல்லையில் இருப்பது பீய்ச்சி அடிக்கும். இது மணிக்கு நாலு மில்லி என்று கறாராக அளந்து ஊற்றுகிறது. அப்பாவின் பிரஷரைத் தாங்கிக்கொண்டிருந்த நார்அட்ரினலின் மருந்து அதில்தான் போனது. நின்றால் சில நிமிடத்தில் பிரஷர் மறுபடி இறங்கிவிடுமாம்.

ஆனால் சத்தம் இருக்கிறதே... அப்பப்பா! மருந்து தீரப்போனால் பீப். தீர்ந்தால் பீப். பேட்டரி குறைந்தால் பீப். டியூப் அடைத்தால் பீப். சில மெஷின், டியூபில் காற்றுக் குமிழி வந்தால்கூட அலறும். (அட, இதுவும் 'காத்து வாங்குது'தான்!)

ஒருநாள் பார்வை நேரத்தில் அப்பா பக்கத்து மெஷின் கத்த ஆரம்பித்தது. சிஸ்டர் அடுத்த கட்டிலில் பிஸி. மணிப் படத்தின்மேல் கோடு போட்ட பட்டன் ஒன்று கண்ணில் பட்டது. அமுக்கினேன். கப்சிப்! வீட்டில் யூ.பி.எஸ்.ஸை அடக்கிய அனுபவம் சும்மாவா?

அப்புறம்தான் பார்த்தேன், டியூப் கட்டில் கம்பியில் மாட்டி நசுங்கியிருந்தது. எடுத்துவிடக் கை நீட்டினேன்.

"தொடாதீங்க சார்!"

சிஸ்டர் ஓடிவந்தார். டியூபின் திருகை மூடி, மெஷினில் சேர்ந்திருந்த அழுத்தத்தை இறக்கிவிட்டு, அதற்கப்புறம்தான் டியூபை விடுவித்தார். மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தவர், பிரஷர் நிலைத்ததும்தான் என் பக்கம் திரும்பினார்.

"அடைச்சதும் மெஷின் கத்தாது சார். இவ்வளவு மெதுவா போற மருந்துக்கு அழுத்தம் சேர்ந்து அலாரம் வரவே பல நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் அய்யாவுக்கு மருந்து போகலை. நீங்க பட்டனை அமுக்கினா இன்னும் லேட்டு. அப்படியே டியூபை விட்டிருந்தா, தேங்கின மருந்து மொத்தமா உள்ள போய் பிரஷர் எகிறியிருக்கும்."

எனக்குக் கால் நடுங்கியது. பி.காம். பாஷையில் சொன்னால், கணக்கு டேலி ஆகவில்லை என்றதும் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் தள்ளிவிட்டுக் காபி குடிக்கப் போகிற வேலையைச் செய்திருக்கிறேன். அதுவும் அப்பாவின் கணக்கில்!

சிஸ்டர்களையும் நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளின் தரத்தைப் பார்க்கிற ஜாயின்ட் கமிஷன் 2013-ல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. மானிட்டர், பம்ப் என்று எல்லாம் சேர்த்து, அடிக்கிற அலாரங்களில் நூற்றுக்கு 85 முதல் 99 வரை உடனே சிகிச்சை செய்யத் தேவையில்லாதவையாம். 'புலி வருது' கதைதான்! கேட்டுக் கேட்டுக் காது மரத்துப் போகிறது. நிஜப் புலி வரும்போது யார் திரும்பிப் பார்ப்பது? 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை அந்தக் கமிஷனுக்கு வந்த அலாரம் சம்பந்தப்பட்ட சம்பவங்கள் 98. அதில் உயிர்ப்பலியில் முடிந்தவை 80.

வீண் சத்தத்தைக் குறைக்க வேண்டியது ஆஸ்பத்திரி வேலை. நோயாளிக்குத் தக்கபடி அளவுகளைச் சரியாக வைக்கணும், சிரிஞ்ச் தீருமுன் அடுத்ததைத் தயாராக வைக்கணும், போதுமான சிஸ்டர்களைப் போடணும். நம் வேலை ஒன்றே ஒன்றுதான். பட்டனையும் தொடாமல், டியூபையும் தொடாமல், "சிஸ்டர்!" என்று கூப்பிடுவது. கூச்சமே வேண்டாம்.

அப்பா பிழைத்து வந்துவிட்டார். திண்ணையில் உட்கார்ந்து விசாரணை நடத்தினார்.

"ஏன்டா அந்த மெஷினை நோண்டின?"

"ஓயாம கத்திச்சுப்பா..."

"கத்தட்டுமே! அதுக்குத்தானே வெச்சிருக்கான்?"

நேற்று ராத்திரி அவருக்கு முன்னால் நான் எழுந்து உட்கார்ந்தேன். மோட்டார் சத்தம் மாறியிருந்தது! டார்ச்சை எடுத்துக்கொண்டு, சேற்றில் வழுக்கி, ஓட்டமாய் ஓடிப் பார்த்தால்... அது பாட்டுக்கு ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

பொய் அலாரம்தான். ஆனாலும் திரும்பி வந்தபோது, அப்பா முழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார். "போய்ப் பார்த்தியா? அது போதும், படு" என்றார்.