முகவரி தெரிந்தால் போதுமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகன் லேப்டாப்பும் கையுமாக வீட்டுக்கு வந்தான். முகம் சரியில்லை. காபி கொடுத்து விசாரித்தேன்.

"சூளை நின்னு மூணு வாரம் ஆச்சு மாமா. ரெண்டு பேர் வேற வேலைக்குப் போயிட்டாங்க. புது ஆர்டர் புடிக்கணும். நீங்கதான் அந்தக் காலத்துல லெட்டர் போட்டே ஆர்டர் புடிச்சவராச்சே, எனக்கும் எழுதிக் குடுங்க" என்றான்.

எங்கள் விருத்தாசலத்தைப் பழமலைநாதர் கோயிலுக்கு அடுத்தபடியாகப் பீங்கானுக்குத்தான் வெளியூர்க்காரர்கள் தெரிந்து வைத்திருப்பார்கள். பக்கத்து நெய்வேலிச் சுரங்கத்தில் கிடைக்கும் களிமண்ணை நம்பி வளர்ந்த தொழில். பொம்மை, ஜாடி, இன்சுலேட்டர், கிட்கேட் ஃபியூஸ் எல்லாம் இங்கிருந்து போகும். வீடுகளில் எம்.சி.பி. வந்ததும் கிட்கேட் ஃபியூஸ் வியாபாரம் படுத்துவிட்டது. இவன் இப்போது ஹீட்டருக்கு வேண்டிய பீங்கான் மணியும் டெர்மினல் பிளாக்கும் செய்கிறான். அதை வாங்குகிறவர்கள் கோயம்புத்தூரிலும் பூனாவிலும் இருக்கிறார்கள். அவர்களை எப்படிப் பிடிப்பது?

நான் செராமிக் தொழிற்பேட்டையில் கணக்கு எழுதிய நாளில் டெலிபோன் டைரக்டரியும் வியாபார டைரக்டரியும்தான் கதி. பார்த்துப் பார்த்துத் தபால் கார்டு எழுதுவேன். கீழே 'தென் ஆற்காடு மாவட்டம், 606001' என்று முத்திரை குத்துவேன். இருபது கார்டு போட்டால் ஒன்றுக்குப் பதில் வரும்.

மருமகன் சிரித்துக்கொண்டே ஒரு பக்கத்தைத் திறந்தான். ஹண்டர் என்று பெயர். 2015ல் இமெயில் ஹண்டர் என்று ஆரம்பித்ததாம். மின்னஞ்சலில் அட் குறிக்குப் பின்னால் வருகிறதே, நிறுவனத்தின் டொமைன், அதை மட்டும் தட்டினால் போதும். அங்கே வேலை பார்ப்பவர்களின் பெயர், பதவி, மின்னஞ்சல் எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. எனக்கு வாய் அடைத்துப் போயிற்று.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. இணையத்தில் பொதுவில் கிடக்கும் பக்கங்களை மேய்ந்து முகவரிகளைச் சேர்த்து வைக்கிறது. நாலைந்து கிடைத்தால் அந்த நிறுவனத்தின் வழக்கம் பிடிபட்டுவிடும். முதல் பெயர், புள்ளி, கடைசிப் பெயர் என்று வைக்கிறார்களா, முதல் எழுத்து மட்டுமா என்று. பிறகு வேறு ஒருவர் பெயரைச் சொன்னால் அதே அச்சில் முகவரியை ஊகித்துத் தரும். அது சரியா என்று அந்த நிறுவனத்தின் மெயில் சர்வரிடம் விசாரிக்கவும் செய்யும். தபால்காரர் வாசலில் நின்று "இந்தப் பேர்ல ஆள் இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு, கடிதம் கொடுக்காமலே திரும்புவது போல. சில சர்வர்கள் யாரைக் கேட்டாலும் "இருக்கார்" என்று தலையாட்டும். அங்கே விசாரிப்பு பலிக்காது. அதனால்தான் ஒவ்வொரு முகவரிக்கும் பக்கத்தில் இத்தனை சதவீதம் நம்பலாம் என்று போடுகிறார்கள்.

உற்சாகத்தில் அன்று மாலையே 43 பேருக்கு ஒரே கடிதத்தை, பெயரை மட்டும் மாற்றி மாற்றி அனுப்பினோம். ஊகித்த முகவரிகளில் ஒன்பது திரும்பி வந்தன. மற்றவை கிணற்றில் போட்ட கல். மூன்றாம் நாள் ஒரே ஒரு பதில் வந்தது. ஒரு பெண் அதிகாரி. ஆங்கிலத்தில் ஒரே வரி. என் முகவரி உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?

எனக்குச் சுருக்கென்றது. நியாயமான கேள்விதானே? ஐரோப்பாவில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், அப்படிக் கேட்பதை ஓர் உரிமையாகவே கொடுத்திருக்கிறது. வேண்டாத மின்னஞ்சலுக்கு முன்னோடி என்று சொல்லப்படுவது 1978 மே மாதம் போனது. டிஜிட்டல் ஈக்விப்மென்ட் கம்பெனியின் கேரி துயர்க், கம்ப்யூட்டர் விற்பதற்காக அர்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு அனுப்பினார். அவர்கள் முகவரியையும் ஓர் அச்சடித்த டைரக்டரியிலிருந்துதான் எடுத்தார்கள். அன்றைக்கே திட்டு விழுந்தது.

எங்கள் பழைய முதலாளி ஞாபகத்துக்கு வந்தார். ஒரு தடவை டைரக்டரியில் பார்த்த பெயருக்கு, ரொம்ப நாள் பழகியவன் போல ஒரு கார்டு எழுதிவிட்டேன். அவர் அதைக் கிழித்துப் போட்டார். "முகவரிங்கறது வாசப்படி வரைக்கும்தாம்ப்பா. உள்ள கூப்பிடறது வீட்டுக்காரன் இஷ்டம். நாம யாரு, எதுக்கு வந்தோம்னு வெளிய நின்னு சொல்லு" என்றார்.

அந்த அம்மாவுக்கு உள்ளதை எழுதினேன். இப்படி ஒரு சாதனத்தில் எடுத்தோம், கேட்காமல் எழுதியது தவறு, இனி தொந்தரவு செய்ய மாட்டோம் என்று. பதில் எதிர்பார்க்கவில்லை. ஆனால் மறுநாள், சப்ளையர்கள் பதிவு செய்ய அவர்கள் நிறுவனத்தில் தனியாகப் பக்கம் இருக்கிறது, அதில் விண்ணப்பியுங்கள் என்று வழி சொன்னார். விண்ணப்பித்தோம்.

மீதியிருந்த பட்டியலை மருமகன் அழித்துவிட்டான். இப்போது சாதனத்தை வேறு மாதிரி பயன்படுத்துகிறோம். முதலில் நிறுவனம் என்ன ஹீட்டர் செய்கிறது என்று உட்கார்ந்து படிக்கிறோம். நம் சாமான் அதற்குப் பொருந்தும் என்றால்தான் கொள்முதல் பிரிவின் முகவரியைத் தேடுகிறோம். பொது முகவரி இருந்தால் அதற்கே எழுதுகிறோம். ஒரு நாளைக்கு இரண்டு கடிதம், அவ்வளவுதான். முகவரி எங்கே கிடைத்தது என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுகிறோம். வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை போதும் என்றும் எழுதுகிறோம்.

இதுவரை 16 கடிதம் போயிருக்கிறது. நான்கு பேர் வேண்டாம் என்றார்கள், மரியாதையாக. ஒருவர் மாதிரிக்கு 50 டெர்மினல் பிளாக் கேட்டார். போன வாரம் பார்சல் போயிற்று.

சூளை இன்னும் பற்றவைக்கவில்லை. மருமகன் தினமும் சாயங்காலம் போன் செய்து, "மெயில் ஏதாவது வந்துச்சா மாமா?" என்று கேட்கிறான். தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்த அந்த நாள் மாதிரியே, நானும் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.