கடல் நடுவே ஓர் ஓடுபாதை

விமான நிலையம் என்றதும் நகரின் ஓரத்தில் பரந்து கிடக்கும் திடலே நம் மனக்கண்முன் தோன்றும். மாலத்தீவில் அப்படியன்று. அங்கே ஹுல்ஹுலே என்னும் தீவே விமான நிலையம். தலைநகர் மாலே, ஏறத்தாழ 2 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் பாலம் 2018ஆம் ஆண்டில்தான் திறக்கப்பெற்றது. அதற்கு முன்னரே நான் அங்கு சென்றிருந்தேன். வாயிலைக் கடந்து சில அடி நடந்தால் படகுத்துறை! பேருந்து நிற்க வேண்டிய இடத்தில் படகுகள் நின்றன. அவற்றை அம்மக்களும் 'தோணி' என்றே வழங்குவது கேட்டு என் தமிழ்ச் செவி குளிர்ந்தது.

ஐரோப்பாவிலிருந்து வந்திறங்கிய சுற்றுலாப் பயணியர், விரைவுப் படகிலும் கடல் விமானத்திலும் ஏறி, தலைநகரைத் திரும்பியும் பாராமல் தத்தம் விடுதித் தீவுகளுக்குச் சென்றுவிட்டனர். திருவனந்தபுரத்திலிருந்து என்னுடன் வந்தவர்களோ வேறு வகையினர். பக்கத்து இருக்கையில், தம் தாயாருக்கு அங்கே சிகிச்சை செய்வித்துத் திரும்பும் இளைஞர் ஒருவர். மருந்துப் பையை அவர் மடியிலிருந்து இறக்கவே இல்லை. இனி எவ்வளவு தூரம் என்று வினவினேன். "இரவு முழுதும் படகுப் பயணம், விடிந்தால் எங்கள் தீவு" என்றார்.

விளம்பரப் படங்களில் இந்நிலையம் உல்லாசத்தின் தலைவாயில். ஏறத்தாழ 200 தீவுகளில் சிதறி வாழும் மக்களுக்கோ அது பிற நாட்டு மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் செல்லும் வழி. அவ்வழியை அவர்களே சமைத்தார்கள் என்பதுதான் என்னை வியக்க வைத்தது. 1960இல் இரும்புத் தகடுகளைப் பரப்பி அமைத்த முதல் ஓடுபாதை வெயிலுக்கும் மழைக்கும் தாளாது பழுதுற்றது. 1964இல் தார்ப்பாதைப் பணி தொடங்கியபோது மாலே நகரத்து மக்கள் திரண்டு சென்று உழைத்தனர்; 1966இல் பணி நிறைவுற்றது. அக்காலத்தில் நாட்டை வழிநடத்திய இப்ராஹீம் நாசிரின் பெயர் 2011இல் நிலையத்திற்குச் சூட்டப்பெற்றது. 2017இல் அதுவும் மாறி, அவருடைய குடும்ப இல்லத்தின் பெயரான 'வெலானா' நிலைத்தது. ஆளை விட்டு அவர் வீட்டைப் பிடித்துக்கொண்டார்கள் போலும்!

கடல் பிரித்து வைத்ததே ஒருமுறை அந்நாட்டைக் காத்தது. 1988 நவம்பர் 3 அன்று, ஆட்சியைக் கவிழ்க்க முயன்றோருக்குக் கூலிப்படையாக இலங்கையின் பிளாட் இயக்கத்தினர் மாலேயில் இறங்கினர். நம் மொழி பேசுவோர் அச்செயலுக்குத் துணைபோனதைச் சொல்ல நாக் கூசுகிறது. நகரின் முக்கிய இடங்களைப் பிடித்தவர்கள் விமான நிலையத்தைக் கைப்பற்றாது விட்டனர். அன்றிரவே ஆக்ராவிலிருந்து புறப்பட்ட இந்திய வீரர்கள் அங்கே இறங்கி, படகேறி மாலேயை அடைந்து மீட்டனர்.

2014 டிசம்பரில் வேறொரு சோதனை. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் தீப்பற்ற, மாலே நகரம் தாகத்தில் தவித்தது. நாற்புறமும் நீர் சூழ்ந்த அத்தீவில், அன்று இந்திய விமானப்படை விமானங்களிலிருந்து இறக்கப்பட்டவை குடிநீர்ப் புட்டிகள்.