0.28

நான் ஆர்ட்ஸ் எடுத்ததுக்கு ஒரு காரணம் கணக்கிலிருந்து தப்புறது. கம்பஸில் ரெண்டாம் வருசம் புள்ளிவிபரவியல் ஒரு பாடமாக வந்து முன்னால நிண்டுது. அதற்கான ஒப்படைக்குத் தேடும்போதுதான் ஹெலினா க்ரேமரின் கட்டுரை ஒன்று கிடைத்தது.

அதுக்கு முதல் சின்னம்மாவின் கதையைச் சொல்ல வேணும். நித்திரையில்லை, சாப்பாடில்லை என்று அவவைக் கூட்டிக்கொண்டு போனோம். ஒரு வைத்தியர் மனச்சோர்வு என்றார். மூன்று கிழமை கழித்து கிளினிக்கில் இருந்த வேறொருவர், இல்லை, இது பதகளிப்பு என்று குளிசையை மாற்றினார். "ரெண்டு பேருக்கும் ஒண்டும் தெரியாது" என்று சொல்லிப்போட்டு சின்னம்மா போறதையே விட்டுட்டா. நானும் அதைத்தான் நம்பினேன்.

க்ரேமர் 1963இல் ஸ்டான்ஃபோர்டில் புள்ளிவிபரவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அடுத்த வருசமே அங்குள்ள உளமருத்துவத் துறையில் சேர்ந்தார். பிறகு அவரின் தொழில் முழுக்க அங்கேதான். மனநோய் வைத்தியர்களுக்கு நடுவில் ஒரு கணக்குக்காரி! எந்தச் சிகிச்சை நல்லது என்று மட்டும் கேட்காமல், ஆருக்கு நல்லது என்றும் கேட்கச் சொன்னவர்களில் அவரும் ஒருவர்.

டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க நோயறி கையேடு வர முதல் அதைப் பரிசோதித்த குழுவிலும் அவர் இருந்தார். ஒரே நோயாளியை ரெண்டு வைத்தியர்கள் தனித்தனியே பார்ப்பார்கள். ஒரே நோயின் பெயரைச் சொல்கிறார்களா என்பதை கப்பா என்ற எண் காட்டும். முழுக்க ஒத்துப்போனால் 1. குருட்டுவாக்கில் சொன்ன அளவுக்குத்தான் ஒத்துப்போனால் 0. 2013இல் வந்த முடிவில் மனவடு நோய்க்கு 0.67. மனச்சோர்வுக்கு வெறும் 0.28. பொதுவான பதகளிப்புக்கு 0.20.

அந்த இலக்கங்களைப் பார்த்துக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரிய மருத்துவ நிலையங்களிலேயே இப்படியென்றால், நெரிசலான கிளினிக்கில் பத்து நிமிசம் பார்த்தவரை நான் எப்படித் திட்டினேன்?

0.2க்கும் 0.4க்கும் இடைப்பட்டதை ஏற்றுக்கொள்ளலாம் என்று முடிவுகள் வர முதலே க்ரேமரும் கூட இருந்தவர்களும் எழுதியிருந்தார்கள். அளவுகோலைப் பதிச்சுப் போட்டினம் என்று மற்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள். எனக்கும் அதில முழுச் சம்மதம் இல்லை. ஆனால் வழமையாக வாற நோயாளிகளை வைத்தே பார்த்து, வந்த எண்ணை மறைக்காமல் போட்டார்கள். அது எனக்குப் பிடிச்சது.

லீவுக்கு வீட்ட போனபோது சின்னம்மாவுக்கு இதைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுட்டு, "அப்ப ஆரை நம்பிறது?" என்றா. என்னிடம் பதில் இல்லை. ஒரே ஆளிட்ட தொடர்ந்து காட்டிப் பாப்பம் என்றேன்.

பின்னேரம் கிளினிக் கொப்பியை எங்கேயோ இருந்து தேடி எடுத்து மேசையில் வைத்திருந்தா. அதில் எழுதியிருந்த அடுத்த திகதி கடந்து பதினொரு மாசம்.